ஸ்விட்ச்சை அணைத்தால் போதுமா? லைட் மாற்றுவோர் கேட்ட கேள்விகள்

சீலிங்கில் பழைய லைட்டைக் கழற்றினால் ஒரு சிவப்பு வயரும் முறுக்கி டேப் சுற்றிய இரண்டு கறுப்பு வயர்களும் இருக்கின்றன. புது லைட்டுக்கோ இரண்டே வயர். மூன்றாவதை விட்டுவிடலாமா?

விடக்கூடாது. ஒரு கறுப்பு வயர் போர்டிலிருந்து வரும் நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வயர்; மற்றது அங்கிருந்து அடுத்த லைட்டுக்குப் போகும் நியூட்ரல். இரண்டையும் சேர்த்தபடியே வைத்து, புது லைட்டின் நியூட்ரலை அவற்றோடு இணையுங்கள். பிரித்துவிட்டால் பக்கத்து அறை லைட் செத்துவிடும். சிவப்பு, ஸ்விட்ச்சிலிருந்து வரும் ஃபேஸ், அதாவது மின்சாரத்தைக் கொண்டுவரும் வயர்.

ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். கட்டடம் முடிகிற நேரத்தில் எந்தச் சுருள் மிச்சமிருந்ததோ அதையே பைப்பில் இழுத்துவிட்ட வீடுகள் ஏராளம். கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுங்கள். பிறகு மெயினை இறக்கி, கறுப்பு முறுக்கைப் பிரிக்காமல், முனைகள் ஒன்றையொன்று தொடாதபடி விலக்கி வைத்து, மெயினை ஏற்றி டெஸ்ட் லேம்பால் பாருங்கள். ஒரு ஹோல்டர், இரண்டு வயர், 40 வாட் குண்டு பல்பு இருந்தால் டெஸ்ட் லேம்ப் தயார். சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே வைத்தால், ஸ்விட்ச் போடும்போது எரிந்து, அணைக்கும்போது அணைய வேண்டும். இதற்கு எல்இடி பல்பு வேண்டாம், கசிவு மின்சாரத்திலேயே மினுக்கி ஏமாற்றும்.

புது லைட் மாட்டியும் எரியவில்லை. டெஸ்டர் வைத்தால் இரண்டு வயரிலும் எரிகிறது. இரண்டுமே ஃபேஸா?

பெரும்பாலும் இல்லை, நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது. ஃபேஸ் லைட்டுக்குள் புகுந்து நியூட்ரல் வயரில் வெளியே வருகிறது, மேலே போக வழியில்லாமல் அங்கேயே நிற்கிறது. அதனால்தான் அந்த வயரிலும் டெஸ்டர் எரிகிறது. அந்த வரிசையில் உள்ள எல்லா லைட்டையும் ஃபேனையும் அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். ஒரு வயரில் அணைந்துவிட்டால் அதுதான் அறுந்த நியூட்ரல். நீங்கள் கடைசியாகத் தொட்ட முறுக்கிலிருந்து தேடத் தொடங்குங்கள், பத்துக்கு ஒன்பது முறை அங்கேதான் இருக்கும். பழைய கம்பி வளைக்கும்போது உள்ளே ஒடிந்துவிடக்கூடும், மேலே உறை மட்டும் முழுசாகத் தெரியும். ஒடிந்த பகுதியை வெட்டி, 10 மி.மீ. புதிதாக உரித்து, டேப் முறுக்குக்குப் பதில் ஸ்க்ரூ கனெக்டரில் இறுக்குங்கள்.

எல்இடி பல்பை அணைத்த பிறகும் இரவில் மங்கலாக எரிகிறது.

முதல் சந்தேகம், ஸ்விட்ச் நியூட்ரலில் விழுந்திருக்கிறது, அதாவது ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலைத் துண்டிக்கிறது. பல்பைக் கழற்றி, ஸ்விட்ச்சை அணைத்து, டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை ஹோல்டரின் ஒரு முள்ளிலும் மறுமுனையை போர்டின் நியூட்ரலிலும் வையுங்கள். இரண்டு முள்ளையும் பாருங்கள். ஏதாவது ஒன்றில் முழு வெளிச்சத்தோடு எரிந்தால் சந்தேகம் சரி. அணைத்த ஹோல்டரைத் தொட்டாலே ஷாக் அடிக்கும் நிலை அது. மங்கல் ஒளி தொந்தரவல்ல, எச்சரிக்கை. போர்டில் ஃபேஸ் ஸ்விட்ச்சுக்கும், நியூட்ரல் நேரே லைட்டுக்கும் போகும்படி மாற்றுங்கள்.

ஸ்விட்ச் ஃபேஸில்தான் இருக்கிறது என்றால், ஸ்விட்ச்சுக்குள்ளேயே சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அதன் வழியாகக் கசியும் சொற்ப மின்சாரம் போதும். சாதாரண ஸ்விட்ச் போட்டால் தீரும்.

மாடிப்படி ஸ்விட்ச் இரண்டையும் மாற்றினேன். மேலே ஒரு பக்கம் இருந்தால்தான் கீழே வேலை செய்கிறது.

காமன் வயர் இடம் மாறியிருக்கிறது. ஒரே லைட்டை இரண்டு இடத்திலிருந்து இயக்கும் இந்த டூ-வே ஸ்விட்ச்சின் மூன்று டெர்மினல்களில் பெரும்பாலும் நடுவில் இருப்பது காமன். கீழ் ஸ்விட்ச்சின் காமனுக்கு ஃபேஸ், மேல் ஸ்விட்ச்சின் காமனிலிருந்து லைட்டுக்கு வயர், ஓர டெர்மினல்களை இணைக்கும் இரண்டு வயர்கள். அவ்வளவுதான். கீழே எப்போதும் உயிரோடு இருக்கும் வயரை நடுவில் போடுங்கள். மேலே மூன்றையும் பிரித்து வைத்து, கீழ் ஸ்விட்ச்சைத் தட்டத் தட்ட மாறி மாறி உயிர் பெறும் இரண்டையும் ஓரங்களில் மாட்டுங்கள். எப்போதும் செத்தே கிடக்கும் மூன்றாவது, லைட் வயர். அதற்கு இடம் நடு.

பிரித்துப் பார்க்கும்போது ஓர டெர்மினல்களில் ஒன்றில் ஃபேஸும் மற்றதில் நியூட்ரலும் இருந்தால், ஒரு வயரை மிச்சம் பிடிக்கச் செய்த பழைய குறுக்குவழி அது. லைட் அணைந்திருக்கும்போதே ஹோல்டரின் இரண்டு முள்ளிலும் ஃபேஸ் நிற்கக்கூடும். அதை அப்படியே திரும்ப மாட்டாதீர்கள்.

மெயினை இறக்கியும் ஷாக் அடித்தது, எப்படி?

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, இல்லையா? மெயின் இறங்கியதும் மின்வெட்டு என்று நினைத்து அது பேட்டரியிலிருந்து 230 வோல்ட் அனுப்பும். முதலில் மெயின், அடுத்து இன்வெர்ட்டர் ஸ்விட்ச், இரண்டையும் அணையுங்கள். இன்வெர்ட்டரை மட்டும் அணைப்பதும் போதாது, பல மாடல்களில் அப்போது மெயின் கரண்ட் நேரடியாக உள்ளே போகும்.

வேறு போர்டிலிருந்து நியூட்ரல் எடுத்து ஒரு 9 வாட் பல்பு போட்டேன். ஆர்சிசிபி உடனே விழுகிறது.

கசிவு மின்சாரம் கண்டால் தானே விழும் பாதுகாப்பு ஸ்விட்ச்தான் ஆர்சிசிபி. அது தன் வழியாகப் போகும் ஃபேஸ் மின்சாரத்தையும் திரும்பி வரும் நியூட்ரல் மின்சாரத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். உங்கள் பல்பின் மின்சாரம் ஒரு வழியாகப் போய் வேறு வழியாகத் திரும்புகிறது. 9 வாட்டை 230-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 39 மில்லி ஆம்பியர். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி விழ அது தாராளம். கருவியில் பழுதில்லை, அதைக் கழற்றி நேரடியாகக் கொடுத்துவிடாதீர்கள். ஃபேஸ் எடுத்த அதே சர்க்யூட்டிலிருந்தே நியூட்ரலையும் எடுங்கள்.

இரும்புச் சட்டம் உள்ள ஃபேன்சி லைட்டில் பச்சை வயர் இருக்கிறது. சீலிங்கில் எர்த் வரவில்லை. நியூட்ரலோடு சேர்க்கலாமா?

கூடவே கூடாது. நியூட்ரல் அறுந்த அன்று அந்தச் சட்டம் முழுக்க 230 வோல்ட் நிற்கும். போர்டிலிருந்து அதே பைப்பில் ஒரு பச்சை வயர் இழுக்க முடிகிறதா என்று பாருங்கள், லைட் பாயிண்டுக்கு 1.5 சதுர மி.மீ. போதும். முடியாவிட்டால், சதுரத்துக்குள் சதுரம் அச்சிட்ட லைட்டாக வாங்குங்கள். அவற்றுக்கு எர்த் தேவையில்லை.