வளர்ந்த மகனுக்காக லீவு கேட்கக் கூடாதா?

கேள்வி: அமெரிக்காவில், டெக்சாஸில் ஒரு பெரிய கம்பெனியில் 6 வருடமாக முழுநேர வேலை பார்க்கிறேன். என் மகனுக்கு 28 வயது. அமெரிக்க ராணுவத்தில் பணியில் இருந்தபோது முதுகில் பலத்த அடிபட்டு, கௌரவமாக விடுவிக்கப்பட்டு 4 வருடம் 8 மாதம் ஆகிறது. அந்தக் காயத்துக்கு 60 சதவீத ஊனம் என்று முன்னாள் படைவீரர் துறை சான்று தந்திருக்கிறது. இப்போது அறுவை சிகிச்சை. கூட இருந்து கவனிக்க லீவு கேட்டால், "வளர்ந்த பிள்ளைக்கெல்லாம் கிடையாது" என்கிறார் மேனேஜர். வேலையை விட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து விடாதீர்கள், சகோதரி. மேனேஜர் சொன்னது தவறு. 1993-ஆம் ஆண்டின் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டத்தில் (எஃப்.எம்.எல்.ஏ.), பணியில் காயமுற்ற படைவீரரைக் கவனிப்பவர்களுக்கென்றே 2008-இல் ஒரு தனி விடுப்பைச் சேர்த்தார்கள். அதில் மகனின் வயது ஒரு பொருட்டே இல்லை. வழக்கமான 12 வாரம் அல்ல, ஒரே 12 மாத காலத்துக்குள் 26 வாரம் வரை எடுக்கலாம். ஊன மதிப்பீடு 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் போதும்; உங்கள் மகன் அதைத் தாண்டிவிட்டார்.

எனக்குக் கவலை தருவது தேதிதான். பணியிலிருந்து விடுபட்ட 5 வருடத்துக்குள் இந்த விடுப்பு தொடங்கியாக வேண்டும். உங்களுக்கு மிச்சம் 4 மாதம். அதற்குள் தொடங்கிவிட்டால், அன்றிலிருந்து 12 மாதம் உங்கள் கையில். அதனால் மேனேஜரோடு வாதாடி நாளைக் கடத்தாமல், இன்றே எச்.ஆருக்கு எழுத்தில் கேளுங்கள். முன்னாள் படைவீரருக்கான டபிள்யூ.எச்.-385-வி படிவத்தை மருத்துவரிடம் நிரப்பி வாங்குங்கள். கம்பெனி சான்று கேட்டால், கொடுக்கக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும்.

இது சம்பளமில்லாத விடுப்பு. அந்தச் சுமை எனக்குப் புரிகிறது. சேர்த்து வைத்த சம்பள லீவு இருந்தால் கூடவே பயன்படுத்தலாம். மொத்தமாக எடுக்க வேண்டும் என்றும் இல்லை: அறுவை சிகிச்சைக்குச் சில வாரம், பிறகு பிசியோதெரபிக்கு வாரம் இரண்டு நாள் என்று, மருத்துவத் தேவைப்படி பிரித்தும் எடுக்கலாம். மருத்துவக் காப்பீடு தொடரும். உங்கள் பங்கை மட்டும் கட்டி வாருங்கள். திரும்பும்போது அதே வேலையையோ, அதற்கு இணையானதையோ தர வேண்டும்.

அதன் பிறகும் மறுத்தால், தொழிலாளர் துறையின் சம்பளம், பணிநேரப் பிரிவில் புகார் கொடுங்கள். புகார் கொடுத்ததற்காக உங்களைப் பழிவாங்குவதும் சட்டவிரோதமே. மேனேஜர் சொன்ன பதிலைத் தேதியோடு இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.