ஹீரோ பெயர் இல்லாத பாட்டு

வணக்கம் சார்,

‘ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்’ படத்துக்காக போஸ்ட் மலோனும் ஸ்வே லீயும் பாடிய ‘சன்ஃப்ளவர்’ பாட்டில் ஸ்பைடர்-மேனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விளம்பரத்துக்காக ஒட்டவைத்த பாட்டுதானே அது? அதே ஆண்டு வந்த ‘பிளாக் பாந்தர்’ படத்தின் ‘ஆல் தி ஸ்டார்ஸ்’ ஆஸ்கர் பரிந்துரை வரை போனது, இது ஏன் போகவில்லை? நானும் நண்பனும் ஒரு குறும்படத்துக்காக சூப்பர்ஹீரோ ராப் பாட்டு செய்திருக்கிறோம். இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

இரண்டு பேர் ஒரு பாட்டை எப்படிப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்பதைத்தான் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால் உங்களுக்குத் தனியாக எழுதாமல் இங்கேயே எழுதுகிறேன்.

ஆஸ்கரை விடுங்கள். படத்துக்கென்றே எழுதிய பாட்டாக இருக்க வேண்டும். படத்துக்குள்ளோ, கடைசியில் பெயர்கள் ஓடத் தொடங்கும்போது முதல் பாட்டாகவோ, வரியும் மெட்டும் தெளிவாகக் கேட்க வேண்டும். விதி அவ்வளவுதான். அதற்குமேல் ஓட்டுப் போடுகிறவர்கள் பாடு.

ஆனால் ஒட்டவைத்த பாட்டு என்று நீங்கள் எழுதியதை விட்டுவிட முடியாது. படத்தை இன்னொரு முறை பாருங்கள். பின்னால் ஸ்பைடர்-மேன் ஆகப்போகும் பையன் மைல்ஸ் மொராலஸ் தன் அறையில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வரைந்தபடியே இந்தப் பாட்டைப் பாடுகிறான். வரி முழுசாகத் தெரியாது. தெரிந்த சொல் வந்தால் குரல் உயர்கிறது, தெரியாத இடத்தில் வாய்க்குள்ளேயே ஏதோ முனகிச் சமாளிக்கிறான். அந்த ஊரில் ஏற்கெனவே இருக்கும் ஸ்பைடர்-மேனுக்குத் தீம் பாட்டும் உண்டு, கிறிஸ்துமஸ் ஆல்பமும் உண்டு. படமே அதைச் சொல்லிவிட்டுத்தான் இவனைக் காட்டுகிறது. இவன் கேட்பது அதையல்ல, தன் வயசுப் பையன்கள் கேட்கும் பாட்டை. சிலந்தி இன்னும் கடிக்கவில்லை, அதற்குள் அவனை நமக்குப் பிடித்துவிடுகிறது. இதையா ஒட்டவைத்தது என்கிறீர்கள்?

வரி தெரியாமலே பாட முடிகிறதே, அந்த மெட்டை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். வேகம் 90 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 90 பீட். நாலு பீட் சேர்ந்த ஒரு பார் 2.67 விநாடி, நாலு பார் பத்தரை விநாடிக்குச் சற்று அதிகம். மொத்தப் பாட்டே 2 நிமிடம் 38 விநாடி, அறுபது பார்கூட வராது. அதற்குள் தயாரிப்பாளர்கள் லூயிஸ் பெல்லும் கார்ட்டர் லாங்கும் நிறைய இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறார்கள். நீங்களோ ஒவ்வொரு பாரிலும் பதினாறு அசை அடைத்திருக்கிறீர்கள். இதே வேகத்தில் அது விநாடிக்கு ஆறு அசை. ராப் பாடுகிறவன் சொல்லிவிடுவான், கேட்கிறவனால் கூடவே முனக முடியாது. வரிகள் மாறிக்கொண்டே போகும் வெர்ஸில் அடையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஹூக்கில், அதாவது திரும்பத் திரும்ப வரும் கோரஸில், பாதியாகக் குறையுங்கள். ஒவ்வொரு இரண்டாவது பாரின் கடைசி பீட்டையாவது மூச்சுக்கு விடுங்கள்.

இனி பங்குக்கு வருகிறேன். பாப்-ராப் கூட்டுப் பாட்டு என்றதும் எல்லாரும் ஒரே வழியில்தான் போகிறார்கள்: ஒருவர் ராப், இன்னொருவர் ஹூக். ‘ஆல் தி ஸ்டார்ஸ்’ பெரும்பாலும் அப்படித்தான். கோரஸைப் பாடகி சிஸா நீட்டிப் பாட, ராப்பர் கெண்ட்ரிக் லமாரின் வெர்ஸ் நெருக்கமாக வந்து இறங்குகிறது. அங்கே தையல் வெளியே தெரியும், தெரிவதுதான் அழகு. ‘சன்ஃப்ளவர்’ அந்த வழியில் போகவில்லை. அட்டையில் முதல் பெயர் போஸ்ட் மலோனுடையது, ஆனால் முதலில் கேட்பது ஸ்வே லீயின் குரல். முதல் வெர்ஸும் அவருடையதுதான். மெல்லிய, உயர்ந்த குரல். இரண்டாம் வெர்ஸில்தான் போஸ்ட் மலோன் அந்த நடுங்கும் குரலோடு வருகிறார். இருவருமே பாடுவதற்கும் ராப்புக்கும் நடுவில் நிற்பதால் கைமாறும் இடத்தில் இடறல் இல்லை. ஸ்வே லீ தன் அண்ணனோடு ‘ரே ஸ்ரெமர்ட்’ என்ற இரட்டையராகப் பாடி வளர்ந்தவர். பாட்டைப் பாதியாகப் பிரித்துக்கொள்வது அவருக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் விற்பனையும் ஸ்ட்ரீமிங்கும் சேர்த்து 20 மில்லியன் யூனிட்டுக்கான இரட்டை டயமண்ட் சான்றை முதலில் வாங்கிய பாட்டு இது. அந்தச் சாதனையை ஒருவர் கணக்கில் மட்டும் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

உங்கள் பாட்டில் என்ன நடக்கிறது? இரண்டு பேரும் தொடக்கம் முதல் கடைசிவரை சேர்ந்தே பாடுகிறீர்கள். நட்பு புரிகிறது, பாட்டுத்தான் புரியவில்லை. நீங்கள் ஒரு அறையில், அவர் வேறு அறையில், ஆளுக்கொரு போனில் பதிவு செய்திருக்கிறீர்கள் போல. ஒரு குரலில் சுவர் எதிரொலி, இன்னொன்றில் மின்விசிறி. ‘ச’, ‘த’ தொடங்கும் இடமெல்லாம் இரண்டிரண்டாகத் தெறிக்கிறது.

ஒரே மைக், ஒரே அறை, வாயிலிருந்து ஒரு சாண் தூரம். பாய், தலையணை எது கிடைத்தாலும் பின்சுவரை மூடுங்கள். ஹூக்குக்கு ஒருவர் மட்டும் நடுவில். அவரையே இன்னும் இரண்டு டேக் பாடச் சொல்லி, ஒன்றை இடப்பக்கம், ஒன்றை வலப்பக்கம் தள்ளி, நடுக்குரலைவிட 8 டெசிபல் அளவுக்குக் குறைத்து வையுங்கள். காப்பி பண்ணி ஒட்டாதீர்கள், அகலம் வராது, சத்தம்தான் கூடும். சுருதியைத் திருத்தும் ஆட்டோட்யூனில் பாட்டின் ஸ்கேலை, அதாவது அதில் வரும் சுரங்களின் வரிசையை, சரியாகக் கொடுங்கள். உங்கள் இரண்டாம் வெர்ஸில் ஒரு சுரம் திரும்பத் திரும்பப் பக்கத்துச் சுரத்துக்கு இழுக்கப்படுவது ஸ்கேல் தப்பியதால்தான். குரலில் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், அந்த இடம் ராப்பில் அடியில் அதிரும் 808 பேஸ் ஒலிக்கு வேண்டும். அந்த பேஸைப் போன் ஸ்பீக்கரில் கேட்டுச் சரிபார்க்க முடியாது. 50 ஹெர்ட்ஸ் அதில் வரவே வராது. வரவில்லையே என்று நீங்கள் ஏற்றிக்கொண்டே போக, தியேட்டரில் வசனமே கேட்காமல் போகும்.

கோரஸில் ஹீரோ பெயரைப் பன்னிரண்டு முறை கத்துகிறீர்கள். எடுத்துவிடுங்கள். பன்னிரண்டையும்தான். அவன் திரையில் நிற்கிறானே, பெயரை வேறு எதற்கு அறிவிக்க வேண்டும்? அவன் தனியாக இருக்கும்போது என்ன பாட்டு கேட்பான் என்று யோசித்து எழுதுங்கள்.

நண்பரின் இரண்டாம் வெர்ஸில் அம்மாவின் தவறிய அழைப்பைப் பற்றி நாலு வரி இருக்கிறதே, அது நல்ல எழுத்து. அதில் கை வைக்காதீர்கள்.

இயக்குநரிடம் கொடுக்கும்போது முழுப் பாட்டு, குரல் இல்லாத டிராக், குரல் மட்டும் என மூன்று ஃபைல் கொடுங்கள். வசனம் வரும் இடத்தில் குரலை மட்டும் இறக்க அவருக்கு அது வேண்டும். மூன்றும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் (WAV) ஃபைல். 44.1 கிலோஹெர்ட்ஸில் செய்ததை முறையாக மாற்றாமல் 48 என்று படித்துவிட்டால் பாட்டு வேகமாக ஓடும், சுருதியும் ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் ஏறிவிடும். திருத்திய பிறகு எனக்கும் அந்த மூன்றையே அனுப்புங்கள், எம்பி3 வேண்டாம்.