வாசகர் கேள்வி – பதில்: சுசீலா பாட்டில் எது முதலிடம்?

கே: வீட்டில் அறுபதாம் கல்யாணம். மாலைக் கச்சேரியில் பி.சுசீலா பாடல்கள் மட்டும். சிறந்த பத்து எவை என்று பங்காளிகளைக் கேட்டோம். ஆளுக்கொரு பட்டியல் வந்து ஒரே சண்டை. எப்படித் தேர்ந்தெடுப்பது?
– வாசகர், கோட்டையூர்

ப: ஆளுக்கொரு பட்டியல் என்று வாங்கினால் ஓட்டு சிதறத்தான் செய்யும். ஆளுக்கு ஐந்து பாட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். முதல் பாட்டுக்கு 5 மதிப்பெண், அடுத்ததற்கு 4 என்று இறங்கிக் கடைசிக்கு 1. டூயட்டுக்குத் தனிச் சீட்டு வேண்டும். 'ஆயிரம் நிலவே வா'வில் பாதிப் புகழ் எஸ்.பி.பி.க்கு உரியது; அதை 'அமுதைப் பொழியும் நிலவே'யோடு மோதவிடுவது முறையல்ல.

கூட்டும் முன் பாடியவர் யார் என்று சரிபாருங்கள். 'சிங்கார வேலனே தேவா' எஸ்.ஜானகி பாடியது, 'மல்லிகை என் மன்னன் மயங்கும்' வாணி ஜெயராம், 'காதோடுதான் நான் பாடுவேன்' எல்.ஆர்.ஈஸ்வரி. இந்த மூன்றும் சுசீலா பட்டியலுக்குள் எப்படியாவது நுழைந்துவிடும். இன்னொன்று, பெரியவர்கள் ஓட்டு முழுக்க 1961 முதல் 1965 வரையுள்ள படங்களிலேயே குவியும். பத்தில் இரண்டு இடத்தைப் பிற்காலப் பாட்டுக்கு ஒதுக்கிவிடுங்கள். 'கற்பூர பொம்மை ஒன்று' (1990), 'கண்ணுக்கு மை அழகு' (1993) இரண்டும் அந்த இடத்துக்குத் தகுதியானவை.

கே: சுசீலாவுக்கு முதல் தேசிய விருது கிடைத்தது 'பால் போலவே' பாட்டுக்கா, 'நாளை இந்த வேளை பார்த்து' பாட்டுக்கா?
– வாசகி, தேவகோட்டை

ப: இரண்டும் ஒரே பாட்டுதான். 'பால் போலவே' தொகையறா (பல்லவிக்கு முன் தாளமில்லாமல் வரும் தொடக்க அடிகள்), 'நாளை இந்த வேளை பார்த்து' பல்லவி. படம் 'உயர்ந்த மனிதன்' (1968). வாலி எழுத, எம்.எஸ்.விஸ்வநாதன் இசை. பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அந்த ஆண்டுதான் தொடங்கியது. முதலில் பெற்றவர் இவரே. படத்தைத் தயாரித்தது நம் காரைக்குடி மெய்யப்பச் செட்டியாரின் ஏவி.எம்.

கே: 'மன்னவன் வந்தானடி'தான் உச்சம் என்கிறேன் நான். 'சொன்னது நீதானா'வுக்கு முன்னால் எதுவும் நிற்காது என்கிறார்கள் எங்கள் ஆச்சி. உங்கள் தீர்ப்பு?
– வாசகி, பள்ளத்தூர்

ப: இரண்டையும் எழுதியவர் சிறுகூடற்பட்டிக் கண்ணதாசன். ஆகவே ஊர்ப் பெருமையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வழியில்லை.

'மன்னவன் வந்தானடி' (திருவருட்செல்வர், 1967) கே.வி.மகாதேவன் கல்யாணி ராகத்தில் அமைத்தது. அதைப் பாடத் தொண்டை மட்டும் போதாது. பயிற்சியும் மூச்சும் வேண்டும். மேடையில் பாடுகிறவர்கள் தடுக்குவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். பிரதி மத்தியமம் (கல்யாணிக்குரிய மேல் 'ம') சற்றே இறங்கினால் கல்யாணி கலைந்து சங்கராபரண ராக வாடை வந்துவிடும். பல்லவியையே விறுவிறுவென்று எடுத்தால், 'ச ரி க ம' என்று சுரம் வரும்போது மூச்சு வாங்கும். பல்லவிக்கு வசதியான கட்டையை (சுருதி உயரத்தை) வைத்துக்கொண்டு பிறகு திண்டாடாமல், சுரத்தில் மேலே போகும் இடத்தை முதலில் பாடிப் பார்த்துக் கட்டையை முடிவுசெய்யுங்கள்.

ஆனாலும் என் ஓட்டு ஆச்சிக்குத்தான். 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) படத்தில், 'நான் போய்விட்டால் நீ மறுமணம் செய்துகொள்' என்று சொன்ன நோயாளிக் கணவனிடம் மனைவி கேட்கும் கேள்வி அந்தப் பாட்டு. விம்மல், தேம்பல் எதையும் சேர்க்காமல் சுருதிக்குள்ளேயே துக்கத்தை நிறுத்துகிறார் சுசீலா. 'சொல் சொல் சொல்' என்று மூன்று முறை வருகிறதே, அந்த இடத்தைக் கூர்ந்து கேளுங்கள். ஒவ்வொரு 'ல்'லும் சுத்தமாக முடிகிறது. பாடிப் பார்க்கிறவர்கள் அதைச் 'சொல்லு சொல்லு' என்று இழுத்தால் கேள்வி கெஞ்சலாகிவிடுகிறது. மூன்றையும் ஒரே அழுத்தத்தில் பாடினாலும் கெட்டது. ஆந்திராவின் விஜயநகரத்தில் பிறந்து தெலுங்கு பேசி வளர்ந்தவர் தமிழ் மெய்யெழுத்தை இப்படி வைக்கிறார் என்பது எனக்கு இன்றும் வியப்பு. கல்யாணியை நல்ல குருவிடம் கற்றுக்கொண்டுவிடலாம். இந்த அடக்கம் அப்படிக் கைவராது.

கே: செட்டிநாட்டு வீட்டு வளவில் (முற்றத்தைச் சுற்றிய உள்கட்டில்) மைக் வைத்துப் பாடினால் எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், காரைக்குடி

ப: ஆத்தங்குடித் தரைக் கல், வழவழவென்று பூசிய சுவர், உயர்ந்த கூரை மூன்றும் சத்தத்தைத் திருப்பி அனுப்பும். முதலில் மிக்ஸரில் 'எக்கோ'வை முழுவதும் அணையுங்கள். வீடே போதுமான எக்கோ தருகிறது. தரை தெரியாமல் ஜமுக்காளம் விரித்து, எதிர்ச்சுவரில் கனமான துணி தொங்கவிடுங்கள். ஒரே பெரிய பெட்டியை அலறவிடாமல், சிறிய ஸ்பீக்கர் நான்கைக் கேட்பவர்கள் பக்கத்தில் குறைந்த சத்தத்தில் வையுங்கள். ஒத்திகையை ஆளில்லாத வளவில் பார்த்துவிட்டுப் பயப்பட வேண்டாம். ஆட்கள் வந்து உட்கார்ந்தால் எதிரொலி நன்றாகவே குறையும். அதற்குப் பிறகும் சுரப் பாட்டுகள் குழம்பினால், அவற்றை முற்றத்துப் பக்கம் வந்து நின்று பாடச் சொல்லுங்கள்.