ஃபேகதோ: அத்திப்பழம் ஈரலான கதை

கேள்வி: இத்தாலியர்கள் ஈரலை 'ஃபேகதோ' என்கிறார்கள். இத்தாலியனுக்குத் தாயான லத்தீனின் அகராதியிலோ 'யேக்குர்' என்று இருக்கிறது. ஒட்டவே இல்லையே?

பதில்: ஒட்டாது. ரோமானியர்கள் வாத்துக்கும் பன்றிக்கும் அத்திப்பழம் ஊட்டி ஈரலைப் பெருக்க வைத்தார்கள். அத்திக்கு லத்தீனில் 'ஃபிக்குஸ்'. அப்படிக் கொழுத்த ஈரல் 'யேக்குர் ஃபிக்காத்தும்', அத்தி ஊட்டிய ஈரல். பேச்சு வழக்கில் முன்சொல் உதிர்ந்தது. அடைமொழியே பெயராகி, கடைசியில் மனிதனின் ஈரலுக்கும் அதுவே நிலைத்துவிட்டது.

கேள்வி: கேட்க ருசியாக இருக்கிறது. கட்டுக்கதை இல்லையே?

பதில்: சந்தேகப்படுவது நல்லதுதான், சொற்பிறப்பில் சுவையான கதைகளில் பாதி பொய். இதற்குச் சான்று இருக்கிறது. அத்தி தின்ற வெள்ளை வாத்தின் ஈரல் விருந்தில் வந்ததை ரோமானியக் கவிஞர் ஹொரேஸ் பாடியிருக்கிறார். ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி 'இயற்கை வரலாறு' 8ஆம் நூலில் இன்னும் விவரமாகச் சொல்கிறார்: பெண்பன்றிக்கு உலர்ந்த அத்தியை ஊட்டி, பிறகு தேன் கலந்த மதுவைப் புகட்டிச் சட்டென்று சாகடிப்பார்களாம். ரோமானிய உணவுப்பிரியர் அபிசியஸ் கண்டுபிடித்த முறை என்கிறார். கொடுமைதான். கிரேக்கத்திலும் இதே கதை: அத்தி 'சூக்கோன்', இன்றைய கிரேக்கர்களின் ஈரல் 'சிக்கோத்தி'. கிரேக்கச் சொல்லைப் பார்த்துத்தான் லத்தீன்காரர்கள் தங்கள் சொல்லை அமைத்தார்கள் என்பது பொதுக் கருத்து.

கேள்வி: ஃபிக்காத்தும் என்பதில் அழுத்தம் நடுவில். ஃபேகதோவில் முதல் அசைக்கு எப்படிப் போனது?

பதில்: வல்லொலி மெலிந்தது சாதாரணம், ஏரியைக் குறிக்கும் 'லாக்குஸ்' இத்தாலியனில் 'லாகோ' ஆனதே, அதுபோல. அழுத்தம் நகர்ந்ததுதான் சிக்கல். கிரேக்கச் சொல்லின் தாக்கம் என்று பலர் விளக்குகிறார்கள். ருமேனிய 'ஃபிக்காத்' இன்னும் பழைய இடத்திலேயே அழுத்துகிறது.

கேள்வி: ஸ்பானிஷ் 'ஈகதோ' உறவா?

பதில்: உடன்பிறப்பு. முதலில் இருந்த ஃப் ஒலி அங்கே தேய்ந்து மறைந்தது. பிரெஞ்சு 'ஃப்வா'வும் இதே குடும்பம். வாத்தின் கொழுத்த ஈரலான ஃப்வா கிராவுக்கு இப்போது வாத்துக்கு ஊட்டுவது மக்காச்சோளம். பெயரில் மட்டும் அத்தி.

கேள்வி: ஒருவருக்கு 'ஃபேகதோ இருக்கிறது' என்றால்?

பதில்: துணிச்சல்காரர். பயந்தால் நமக்கு ஈரக்குலை நடுங்குகிறதே, அதன் மறுபக்கம். ஈரலைக் கொறித்துக்கொள்கிறார் என்றால் ஆத்திரத்தில் உள்ளுக்குள் வெந்து புழுங்குகிறார் என்று பொருள்.

கேள்வி: ரோமில் பலியிட்ட ஆட்டின் ஈரலைப் பார்த்துக் குறி சொன்னவர்கள் எந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள்?

பதில்: யேக்குர்தான். அத்தி ஈரல் அடுப்படிச் சொல், பலிபீடத்தில் அதற்கு வேலையில்லை. இந்தக் குறிக் கலை ரோமானியர்களுக்கு முன்பே இத்தாலியில் வாழ்ந்த எத்ருஸ்கர்களிடமும் இருந்தது: 1877இல் இத்தாலியின் பியாசென்சா அருகே கிடைத்த வெண்கல ஈரலில் அவர்கள் கட்டம் கட்டமாகத் தெய்வங்களின் பெயரைப் பொறித்திருக்கிறார்கள்.

கேள்வி: வெனிஸ் பாணி ஃபேகதோவில் அத்தி போடுவார்களா?

பதில்: இல்லை. கன்றின் ஈரலும் நிறைய வெங்காயமும்.