துணி ஏறிப்போனால் யார் குற்றம்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கைத்தறி பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். கோவையில் ஃபேஷன் டிசைன் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எட்டு வார இன்டர்ன்ஷிப்புக்காக ஒரு சிறிய உடை ஸ்டூடியோவில் சேர்ந்திருக்கிறேன். நான்கு தையல் மெஷின், துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஒரு ஓவர்லாக் மெஷின், ஒரு கட்டிங் மேசை. கைத்தறிக் காட்டனில் குர்தா, கவுன், குழந்தைகள் உடை தைத்து இன்ஸ்டாகிராமில் விற்கிறார்கள்.

நான்கு வாரம் முடிந்துவிட்டது. துணியைச் சதுரமாக வெட்டித் துவைத்து அளப்பது, பிசிர் வெட்டுவது, பட்டன் தைப்பது, அயர்ன் போடுவது, இவ்வளவுதான் செய்திருக்கிறேன். 12 டிசைன் வரைந்து காட்டினேன். "நல்லாயிருக்கு, முதல்ல அந்த மூணு ரோலையும் துவைச்சு அளந்து எழுதிட்டு வா" என்றார் நடத்துபவர். அந்த 12-இல் எனக்குப் பிடித்தது, உடம்பில் கோடுகள் நேராகவும் மேலே யோக்கில் (தோளிலிருந்து மார்பு வரை தனியாக வெட்டித் தைக்கும் பாகம்) மட்டும் படுக்கையாகவும் வரும் ஒரு கவுன். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத டெய்லர் அக்கா அதைப் பார்த்துவிட்டு "இது சரியா வராது பாப்பா" என்று ஒதுக்கிவிட்டார். என் தோழிகள் திருப்பூரில் பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் உதவித்தொகையோடு இருக்கிறார்கள். எனக்குப் பஸ் காசு மட்டும். நான் இங்கே வீணாகிறேனா? திருப்பூருக்கு மாறிவிடலாமா? போர்ட்ஃபோலியோவில் எதை வைப்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மாற வேண்டாம். திருப்பூர் பெரும்பாலும் பனியன் துணி ஊர், அங்கே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் எட்டு வாரத்துக்கு வரும் மாணவியை ஏதாவது ஒரு டிபார்ட்மென்டில் உட்கார வைப்பார்கள், அந்த ஒரு மேசையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள். பணத்தைப் பற்றிச் சேருவதற்கு முன்பே பேசியிருக்க வேண்டும். இப்போதும் கேட்கலாம், கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான் பதில் எழுத உட்கார்ந்தது வேறு காரணத்துக்காக. "துணியைச் சதுரமாக வெட்டித் துவைத்து அளப்பது" என்பதைக் குறைகளின் பட்டியலில் முதலாவதாக வைத்திருக்கிறீர்கள். கொஞ்ச நாளாக என் மனதில் ஓடிக்கொண்டிருப்பதே அந்த வேலைதான். கைத்தறி உடை வாங்கியவர்கள் பலரும் ஒரே புலம்பலைச் சொல்கிறார்கள்: "ஒரு தண்ணி போட்டதும் ஏறிப்போச்சு." அடுத்த வாக்கியம், "இனிமே கைத்தறியே வேண்டாம்." பழி நேராகத் தறியில் போய் விழுகிறது. குழித்தறியில் உட்கார்ந்து நெய்தவர் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. ஈரம் பட்டால் பருத்தி சுருங்கும் என்று தெரிந்தும் எவ்வளவு என்று அளக்காமல் கத்தரி போட்டவர்தான் குற்றவாளி. டிசைன் படித்தவர்கள் செய்யும் குற்றம் இது. அதனால்தான் உங்கள் கடிதம் எனக்குக் கோபத்தையும் கவலையையும் சேர்த்துக் கொடுத்தது.

முதலில் ஏன் சுருங்குகிறது என்று பாருங்கள். தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் கஞ்சி போட்டு விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. ஊடை நூல் அதன் குறுக்கே, அகலவாட்டில் போகிறது. தறியை விட்டு இறங்கினாலும் கஞ்சி காய்ந்திருக்கும்வரை அந்த இழுப்பு துணிக்குள்ளேயே இருக்கும். தண்ணீரில் போட்டதும் கஞ்சி கரைகிறது, பருத்தி நூல் தண்ணீர் குடித்துப் பருக்கிறது. பருத்த ஊடையை மேலும் கீழுமாகச் சுற்றி வளைந்து போகப் பாவுக்கு அதிக நீளம் வேண்டும். அந்த நீளத்தைத் துணி தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆகவே நீளவாட்டில் அதிகமாகவும் அகலவாட்டில் குறைவாகவும் சுருங்குவதுதான் வழக்கம்.

மில் துணி இந்த அளவு ஏறாததற்கு அதன் தரம் காரணமில்லை. 1930-இல் அமெரிக்காவில் சான்ஃபோர்ட் கிளூயெட் காப்புரிமை பெற்ற ஒரு முறை இருக்கிறது. அவர் சட்டையும் காலரும் செய்து விற்ற கம்பெனியைச் சேர்ந்தவர். ஈரப்படுத்திய துணியைத் தடித்த பட்டையோடு சேர்த்து ஓட்டி, பட்டை சுருங்கும்போது துணியையும் நீளவாட்டில் நெருக்கிவிடுவார்கள். வாடிக்கையாளர் வீட்டில் சுருங்க வேண்டியது மில்லிலேயே சுருங்கிவிடுகிறது. கைத்தறித் துணி பெரும்பாலும் அந்த மெஷினுக்குப் போவதில்லை. அந்த மெஷினின் வேலையை உங்கள் ஸ்டூடியோவில் வாளியும் ஸ்கேலும் வைத்துக்கொண்டு நீங்கள் செய்கிறீர்கள். அதைப் போய் எடுபிடி வேலை என்று நினைக்கலாமா?

செய்வதைச் சரியாகச் செய்கிறீர்களா என்பதுதான் என் சந்தேகம். ரோல் முனையிலிருந்து அரை மீட்டர் விட்டு, கரையிலிருந்து 10 செ.மீ. தள்ளி, 60-க்கு 60 செ.மீ. சதுரம் வெட்டுங்கள். நான்கு பக்கமும் ஓவர்லாக் அடியுங்கள், இல்லையென்றால் பிசிர் போய் அளவு கெடும். பாவு எந்தப் பக்கம் என்று வெட்டுவதற்கு முன்பே நூலால் ஓர் அம்புக்குறி தைத்துவிடுங்கள். சதுரத்தில் கரை இருக்காது, துவைத்து எடுத்தபின் பாவு எது ஊடை எது என்று திணறுவீர்கள், திணறிவிட்டு மாற்றி எழுதுவீர்கள். புதிதாக வருபவர்கள் விடும் முதல் பிழை இது. உள்ளே 50-க்கு 50 சதுரம் குறித்து, குறிகளையும் வேறு நிற நூலால் தையுங்கள். பேனா மை போய்விடும்.

பிறகு வாங்குபவர் எப்படித் துவைப்பாரோ அப்படித் துவைக்க வேண்டும். ஸ்டூடியோவில் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் மெதுவாக அலசி அளந்துவிட்டால் அந்த எண் யாருக்கும் உதவாது. வாங்குகிறவர் மெஷினில் ஜீன்ஸோடு சேர்த்துப் போடுவார். ஆகவே மெஷினில், சாதாரண சோப்புப் பவுடரில், முழுச் சுற்று. காயப் போடும்போது கொடியில் தொங்கவிடாதீர்கள். ஈரத்துணியின் கனமே அதை இழுத்துவிடும், சுருக்கம் குறைவாகக் காட்டும். நிழலில் தட்டையாக விரியுங்கள். அயர்ன் பாக்ஸைத் தேய்த்து இழுக்காமல் வைத்து வைத்து எடுங்கள். சூட்டோடு அளக்காமல் நான்கு மணி நேரம் விட்டு, ஒவ்வொரு திசையிலும் மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். இதையே மூன்று முறை திரும்பச் செய்யுங்கள். பாவுப் பக்கம் 50 என்பது முதல் துவைப்பில் 47.5, இரண்டாவதில் 47.1, மூன்றாவதில் 47 என்று வந்தால் சுருக்கம் 6 சதவீதம். ஊடைப் பக்கம் 48.5-இல் நின்றால் 3 சதவீதம். முதல் துவைப்போடு நிறுத்தியிருந்தால் 5 என்று எழுதியிருப்பீர்கள்.

"மூணு ரோலையும்" என்று அவர் சொன்னது வீம்புக்கில்லை. மூன்று ரோலும் மூன்று தறியில் நெய்ததாக இருக்கும். ஒருவர் ஊடையை நெருக்கும் தறிப் பலகையை ஓங்கி அடிப்பார், ஒருவர் பாவை இன்னும் விறைப்பாகக் கட்டுவார். நூல் கவுண்ட் (நூலின் பருமன்) ஒன்று, நிறம் ஒன்று, சுருக்கம் வேறு வேறு. ஒரே குர்தாவின் முன்பாகத்தை ஒரு ரோலிலும் பின்பாகத்தை இன்னொன்றிலும் வெட்டினால் முதல் துவைப்பில் பக்கத் தையல் திருகிக்கொண்டு நிற்கும்.

எண் கிடைத்தபின் கணக்கு. துவைத்தபின் குர்தா நீளம் 110 செ.மீ. நிற்க வேண்டும், சுருக்கம் 6 சதவீதம். பலர் 110-இல் 6 சதவீதத்தைக் கூட்டி 116.6 என்று வெட்டுகிறார்கள். 110-ஐ 0.94-ஆல் வகுக்க வேண்டும், 117 வரும். இங்கே வித்தியாசம் 4 மி.மீ.தான். 10 சதவீதம் சுருங்கும் துணியில் அதுவே 1.2 செ.மீ. ஆகிவிடும்.

குர்தாவில் 1 செ.மீ. குறைந்தால் யாரும் சாகப்போவதில்லை. குழந்தைச் சட்டையில் அப்படி இல்லை. மூன்று வயதுக் குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 50 செ.மீ. பட்டனோ திறப்போ இல்லாத கழுத்தை 52 செ.மீ. வைத்து வெட்டுகிறீர்கள். கழுத்து வளைவு பாவு, ஊடை இரண்டையும் தொட்டுப் போவதால் சராசரி 4.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் துவைத்தபின் 49.7. தலை நுழையாது. குழந்தை கத்தும், அம்மா சட்டையைத் தூக்கி அலமாரியில் போடுவார், கைத்தறிக்குக் கெட்ட பெயர்.

இனி உங்கள் கோட்டு யோக்குக்கு வருகிறேன். கோடுகள் பாவில் ஓடும் துணி. உடம்பில் கோடு நேராக நிற்கிறது, ஆகவே அங்கே அகலம் ஊடைப் பக்கம், 3 சதவீதம். யோக்கைப் படுக்கப்போட்டு வெட்டுகிறீர்கள், அங்கே அகலம் பாவுப் பக்கம், 6 சதவீதம். இரண்டும் 40 செ.மீ. அகலத்தில் சேர்த்துத் தைத்துவிட்டீர்கள். துவைத்தபின் யோக் 37.6, உடம்பு 38.8. அந்த 1.2 செ.மீ. எங்கே போகும்? தையல் நெடுகப் புடைத்துக்கொண்டு நிற்கும், மார்புக்குக் குறுக்கே எல்லார் கண்ணிலும் படும் இடத்தில். அந்த அக்கா "சரியா வராது" என்றது இதைத்தான். படிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, ஒரு படத்தைப் பார்த்த மாத்திரத்தில் துவைத்தபின் அது எப்படி நிற்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. உங்களுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து "ஏன்க்கா வராது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதைக் கேட்காமல் எனக்குக் கடிதம் எழுதியதுதான் எனக்கு வருத்தம். அவருடைய படிப்பைப் பற்றிய அந்த வரி உங்களுக்கு அழகில்லை. இனி யாரிடமும் அப்படிப் பேசாதீர்கள்.

டிசைன் கெட்டதில்லை, எனக்கும் பிடித்திருக்கிறது. துணியை முன்கூட்டியே துவைத்துவிட்டு வெட்டினால் வரும். இல்லையென்றால் யோக்குக்குக் கீழே சுருக்கு வையுங்கள், 1.2 செ.மீ. அதற்குள் மறைந்துவிடும். லைனிங், ஜிப், காலரில் ஒட்டும் கேன்வாஸ் மூன்றுக்கும் இதே எச்சரிக்கை: வெளித்துணி ஏறி அவை ஏறாவிட்டால் லைனிங் கீழே எட்டிப்பார்க்கும், ஜிப் நெளியும், காலர் குமிழ் விடும்.

எல்லாத் துணியையும் முதலிலேயே துவைத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். சின்ன ஸ்டூடியோவுக்கு அதுதான் நல்லது, நானும் அந்தக் கட்சி. ஆனால் விலை தெரிந்து செய்ய வேண்டும். 112 செ.மீ. அகலத்தில் 100 மீட்டர், சதுர மீட்டருக்கு 120 கிராம் என்றால் உலர்ந்த எடையே 13 கிலோவுக்கு மேல். 7 கிலோ மெஷினில் திணித்தால் கயிறு போல முறுக்கிக்கொண்டு மடிப்புக்கோடு விழும், அயர்ன் போட்டாலும் போகாது. 5 மீட்டர் துண்டுகளாக, மெஷினை முக்கால்வாசி மட்டும் நிரப்பிப் போட வேண்டும். 100 மீட்டர் 94 ஆகிறது. மீட்டர் 200 ரூபாய்க்கு வாங்கிய துணி 212 ரூபாய் 77 காசு ஆகிவிட்டது, இன்னும் தண்ணீர், கரண்ட், அயர்ன் கூலி சேரவில்லை. இதைவிடப் பலர் மறப்பது அகலத்தை. 112 என்பது 108.6 ஆகிவிடும். 55 செ.மீ. பாகம் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டிருந்தது, இப்போது உட்காராது. ஒவ்வொரு கவுனுக்கும் துணி ஏறக்குறைய ஒரு பாகத்தின் நீளம் அதிகம் பிடிக்கும். பேட்டர்னை 54-க்குக் குறைப்பதா, பக்கத்தில் ஒரு துண்டு கொடுப்பதா, துண்டையே அழகாகக் காட்டுவதா? நீங்கள் செய்ய ஆசைப்படும் டிசைன் அங்கேதான் தொடங்குகிறது, அளந்த எண் கையில் இருப்பவருக்கு மட்டும்.

பிசிர் வெட்டுவது, அயர்ன் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாரும் செய்வதுதான். ஆனால் எட்டு வாரமும் அதுவே என்றால் அது நடத்துபவரின் தவறு, அதை அவரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். மீதி நான்கு வாரத்துக்கு ஒன்று மட்டும் கேளுங்கள்: அந்த யோக் கவுனை ஒரே ஒரு அளவில், துணி துவைப்பதிலிருந்து காஜா வரை நீங்களே செய்ய அனுமதி. இரண்டு செய்யுங்கள், ஒன்று துவைத்த துணியில், ஒன்று துவைக்காத துணியில். இரண்டையும் மூன்று முறை துவையுங்கள். தைக்கும்போது அந்த அக்காவைப் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள்.

போர்ட்ஃபோலியோவில் 12 படமும் வேண்டாம். இந்த இரண்டு கவுனின் படம், யோக் தையலை நெருக்கத்தில் எடுத்தது, மூன்று ரோலின் சுருக்க அட்டவணை, ஒரு கவுனுக்குத் துவைப்பதற்கு முன்னும் பின்னும் எவ்வளவு துணி பிடித்தது என்ற கணக்கு, கட்டிங் படம். அட்டவணையில் துவைத்த முறையையும் எழுதுங்கள்: மெஷினா கையா, எத்தனை முறை, எப்படிக் காய்ந்தது. அது இல்லாமல் சதவீதத்தை மட்டும் போட்டால் விவரம் தெரிந்தவர் முதல் கேள்வியே அதைத்தான் கேட்பார்.