போர் முடியட்டும் என்றால்

அன்புள்ள ஐயா,

மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த இங்கிலாந்து உள்நாட்டுப் போர் பற்றிய உங்கள் கட்டுரையில், நாடாளுமன்றத் தரப்பில் இருந்துகொண்டே சாதாரண மக்களுக்கும் ஓட்டுரிமை கேட்ட லெவலர்களை மனம்விட்டுப் பாராட்டியிருந்தீர்கள். எனக்கு ஒரு நெருடல். மன்னர் சார்ல்ஸ் உயிரோடு இருக்கிறார், ஆபத்து முழுதாக நீங்கவில்லை. அந்த நேரத்தில் படைக்குள்ளேயே ஓட்டுரிமைப் பிரச்சினையைக் கிளப்பியது பொறுப்பில்லாத காரியம் அல்லவா? போரை முடித்துவிட்டு உரிமையைப் பேசியிருக்கலாமே?

கே., தஞ்சாவூர்

அன்புள்ள கே.,

1647இன் தொடக்க மாதங்களைப் பாருங்கள். மன்னர் தோற்றுப் பிடிபட்டாயிற்று. உடனே நாடாளுமன்றம் தன் படையில் பெரும்பகுதியைக் கலைத்துவிட்டு, மிச்சத்தை அயர்லாந்துக்கு அனுப்பப் பார்த்தது. சம்பளமோ மாதக்கணக்கில் பாக்கி. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு ஊர் திரும்பும் சிப்பாயின் பேச்சு அதற்குப்பிறகு எங்கே எடுபடும்? ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் சொந்த நிலம் இல்லையென்றால் கவுண்டித் (மாவட்டத்) தேர்தலில் அவனுக்கு ஓட்டே கிடையாது. அவன் குரலுக்கு மதிப்பிருந்தது படையில் இருந்தவரைதான். அதனால்தான் ரெஜிமெண்டுகள் தங்கள் பிரதிநிதிகளைத் தாங்களே தேர்ந்தெடுத்தன.

அக்டோபர் கடைசியில் லண்டனை ஒட்டிய புட்னியில் தளபதிகளும் அந்தப் பிரதிநிதிகளும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். இங்கிலாந்தின் பரம ஏழைக்கும் பெரிய மனிதரைப் போலவே வாழ ஒரு வாழ்க்கை உண்டு, தன் சம்மதமில்லாத அரசுக்கு அவன் கட்டுப்பட்டவன் அல்ல என்றார் கர்னல் ரெயின்ஸ்பரோ. தளபதி கிராம்வெல்லின் மருமகன் ஐர்ட்டன் மறுத்தார்: நாட்டில் நிலையான சொத்து இல்லாதவருக்கு அதன் ஆட்சியில் பங்கு கேட்க உரிமையில்லை. அப்போது செக்ஸ்பி என்ற குதிரைப்படைச் சிப்பாய் எழுந்தார். எங்களுக்கு இந்த நாட்டில் உரிமையே இல்லையென்றால், இத்தனை காலம் நாங்கள் வெறும் கூலிப்படையாகவா சண்டையிட்டோம் என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு ஐர்ட்டனின் பதில்கள் எதுவுமே எனக்குப் போதவில்லை.

நவம்பர் 15 அன்று வேர் நகரருகே சிப்பாய்கள் லெவலர்களின் கோரிக்கை அறிக்கையான 'மக்கள் உடன்படிக்கை'யைத் தொப்பியில் செருகிக்கொண்டு அணிவகுப்புக்கு வந்தார்கள். அதைக் கலகமென்று கருதிய தளபதிகள் தண்டனைக்கு ஆளைக் குலுக்கிப் போட்டு எடுத்தார்கள்; பெயர் விழுந்த சிப்பாய் ரிச்சர்ட் அர்னால்ட் அங்கேயே சுடப்பட்டார்.

நீங்கள் சொல்லும் 'பிறகு'வும் வந்தது. 1649 ஜனவரி 30 அன்று மன்னரின் தலை வெட்டப்பட்டது. அதற்கு நான்கு மாதம்கூட ஆகவில்லை. மே 17 அன்று, கலகம் செய்த சிப்பாய்களைப் பர்ஃபோர்டு தேவாலயத்தில் அடைத்துவைத்து, மூவரை அதன் வளாகத்திலேயே சுட்டார்கள். உள்ளே கைதியாக இருந்த ஆண்டனி செட்லி ஞானஸ்நானத் தொட்டியின் விளிம்பில் கீறிய தன் பெயரை இன்றும் பார்க்கலாம்.

லெவலர்களிடம் எனக்குள்ள குறை வேறு. அந்த மே மாதம் வெளியான அவர்களுடைய உடன்படிக்கையில் வேலைக்காரர்களுக்கும் தர்மப் பணம் வாங்கியவர்களுக்கும் ஓட்டு இல்லை. சிறையிலிருந்த லெவலர் தலைவர் லில்பர்னை விடுவிக்கக் கோரி மனுவோடு நாடாளுமன்றத்துக்குப் போன பெண்களிடம், வீட்டு வேலையைப் போய்ப் பாருங்கள் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். அந்தப் பெண்களுக்கும் லெவலர்களின் உடன்படிக்கையில் இடமில்லை.