குர்த்தியை ஆன்லைனில் எடுக்கலாமா, கடைக்கே போய்விடலாமா?

கேள்வி: நான் திண்டுக்கல்லில் பள்ளி ஆசிரியை. வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற குர்த்திகளை இரண்டு மூன்று வருடமாக ஆன்லைனில்தான் வாங்குகிறேன். பாதி சரியாக அமைவதில்லை. ஒன்றில் எல் சைஸ் தொளதொளவென்று இருக்கிறது. இன்னொன்றில் டபுள் எக்ஸ்எல் போட்டாலும் போர்டில் எழுதக் கை தூக்க முடியவில்லை. திருப்பி அனுப்பியே அலுத்துவிட்டது. அடுத்த மாதம் மகனுக்குக் கேம்பஸ் இன்டர்வியூ இருக்கிறது, சட்டை பேண்ட் வேண்டும். தை மாதம் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு எனக்கு ஒரு பட்டுப்புடவையும் எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மதுரைக்கு ஒரு நடை போய்விடுவதுதான் நல்லதா? ஆன்லைனில் அளவு தவறாமல் வாங்க வழியே இல்லையா?

பதில்: திருப்பூரில் ஆயத்த ஆடைகளுக்குப் பேட்டர்ன் போடுவது என் வேலை. அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பட்டுப்புடவைக்கும் மகனின் பேண்ட்டுக்கும் மதுரைக்குப் போங்கள். குர்த்தியை வீட்டிலிருந்தே வாங்கலாம். ஆனால் எல், எக்ஸ்எல் என்கிற எழுத்தைப் பார்த்து வாங்குவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அந்த எழுத்துக்கு எல்லோருக்கும் பொதுவான அளவு கிடையாது. ஒவ்வொரு பிராண்டும் தன் வாடிக்கையாளர் இப்படி இருப்பார் என்று ஓர் உடம்பை வைத்துக்கொண்டு, அதற்கு எம் என்று பெயர் வைத்து, அங்கிருந்து மேலும் கீழும் அளவைக் கூட்டிக் குறைக்கிறது. வெளிநாட்டு அட்டவணையை அப்படியே எடுத்துக்கொண்ட கம்பெனிகளும் உண்டு. இந்திய உடல்வாகுக்கென்று ஓர் அளவு முறை வேண்டும் என்றுதான் ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனமான நிஃப்ட், ஆறு நகரங்களில் 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் 'இந்தியா சைஸ்' திட்டத்தை எடுத்தது. ஆனால் கடைக்காரரோ விற்பனைத் தளமோ இந்த அளவில்தான் எல் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஒரே தளத்தில் நூற்றுக்கணக்கான சிறு விற்பனையாளர்கள் இருக்கிறார்கள், ஆளுக்கொரு எல். போதாததற்கு, அடுக்கடுக்காகத் துணியை விரித்து வெட்டும்போது அரை இஞ்ச் கூடக் குறைய வருவதைத் தொழிலில் அனுமதிக்கிறோம். அதாவது, ஒரே கம்பெனியின் ஒரே எல் சைஸில் இரண்டு உருப்படிகளுக்கு நடுவே ஒரு இஞ்ச் வித்தியாசம் வந்தாலும் அது பழுது கணக்கில் வராது.

சரி, எதை நம்பி வாங்குவது? உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற, நன்றாக அமைந்த ஒரு குர்த்தியை நம்புங்கள். அதைத் தரையில் விரித்து, சுருக்கம் இல்லாமல் கையால் நீவிவிடுங்கள். ஒரு அக்குள் தையலிலிருந்து மறு அக்குள் தையல் வரை டேப்பை வையுங்கள். இருபதரை இஞ்ச் வந்தால் மார்புச் சுற்றளவு 41. அப்புறம் ஒரு தோள் தையலிலிருந்து மறு தோள் தையல் வரை, பக்கவாட்டு ஸ்லிட் ஆரம்பிக்கிற இடத்தில் இடுப்பு அகலம், கழுத்தை ஒட்டிய தோள் உச்சியிலிருந்து கீழ் மடிப்பு வரை நீளம், கையின் மேல்பாகத்தில் அகலம். இந்த ஐந்து அளவுகளையும் போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பை அளப்பதைவிட உடுப்பை அளக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தளங்களில் இரண்டு விதமான அட்டவணைகள் இருக்கின்றன. ஒன்று உடம்பின் அளவைச் சொல்வது: மார்பு 38 உள்ளவர் இதை எடுக்கலாம் என்று அர்த்தம். இன்னொன்று தைத்த உடுப்பின் அளவு. நெய்த துணியில், 38 சுற்றளவு உள்ளவருக்குக் குர்த்தி 40, 41 இருந்தால்தான் சௌகரியமாக மூச்சு விட முடியும். இந்த இரண்டு அட்டவணைகளையும் குழப்பிக்கொள்வதால்தான் நிறையப் பேர் ஒரு சைஸ் தவறாக வாங்குகிறார்கள். 'கார்மென்ட் மெஷர்மென்ட்' என்று போட்டிருந்தால் நீங்கள் குறித்து வைத்த 41-உடன் ஒப்பிடுங்கள். 'டு ஃபிட்' அல்லது 'பாடி மெஷர்மென்ட்' என்றிருந்தால் உங்கள் உடம்பின் 38-உடன் ஒப்பிடுங்கள். எதுவென்றே சொல்லாத அட்டவணை என்றால் கேள்வி பதில் பகுதியில் கேளுங்கள், பதில் வராவிட்டால் அந்த உருப்படியை விட்டுவிடுங்கள். ஆயிரம் குர்த்தி இருக்கிற இடத்தில் அளவு சொல்லாத ஒன்றுக்காக மல்லுக்கட்ட வேண்டாம்.

இனி, கை தூக்க முடியாத விஷயம். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் பெரிய சைஸ் எடுத்ததே அதை இன்னும் மோசமாக்கியிருக்கலாம். கை தூக்குவதை முடிவு செய்வது மார்பளவு அல்ல, கைக்குழி, அதாவது கைத்துணியை உடுப்போடு சேர்த்துத் தைக்கிற வளைவு. கைக்குழி அக்குளை ஒட்டி மேலே இருந்தால், கையைத் தூக்கும்போது கை மட்டும் போகும். கைக்குழி கீழே இறங்கியிருந்தால், கையோடு சேர்த்து உடுப்பின் பக்கவாட்டுத் துணியும் இழுபடும், அதனால் குர்த்தி முழுவதும் மேலே ஏறும் அல்லது தோளில் பிடிக்கும். சைஸ் கூடக் கூடக் கைக்குழியும் இறங்கிக்கொண்டே போகும். டபுள் எக்ஸ்எல் போட்டும் கை தூக்க முடியாததற்கு இதுதான் காரணமாக இருக்கும். மேல்கை ஒடுக்கமாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

எந்த உடுப்புக்கும் இதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: டெய்லரிடம் கொடுத்துச் சரிசெய்ய முடிகிற இடம் எது, முடியாத இடம் எது? பக்கவாட்டில் பிடிப்பது, நீளத்தைக் குறைப்பது, கை நீளத்தை மடிப்பது எல்லாம் அரை மணி நேர வேலை. தோளும் கைக்குழியும் அப்படியல்ல, கையைப் பிரித்து மறுபடி வெட்டித் தைக்க வேண்டும், அப்படியும் பெரும்பாலும் சரிவராது. அதனால் ஆன்லைனில் வாங்கும்போது தோளளவை முதலில் பாருங்கள், மார்பளவை அடுத்ததாகப் பாருங்கள். கையில்லாத குர்த்தி, நெகிழும் பின்னல் துணி, தோள் இறங்கிய தொளதொள மாடல் இவற்றில் தவறு நேரும் வாய்ப்பு குறைவு. உடம்போடு ஒட்டித் தைத்த மாடலை, அந்த பிராண்டை ஒருமுறையாவது போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

மாடல் படத்தைப் பார்த்து நீளத்தை முடிவு செய்ய வேண்டாம். படம் எடுக்கும்போது முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இறுக்கியிருப்பார்கள், மாடலும் நல்ல உயரம். அவருக்கு முழங்காலுக்குக் கீழே நிற்கிற 46 இஞ்ச் குர்த்தி, ஐந்தடி உயரமுள்ளவருக்குக் கெண்டைக்காலைத் தொடும். வாங்கியவர்கள் போட்டிருக்கிற படங்கள்தான் உதவும். அதிலும் ஐந்து நட்சத்திரக்காரர்களைவிட மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் விஷயத்தைச் சொல்வார்கள்: துணி மெல்லிசு, லைனிங் இல்லை, தண்ணீரில் சாயம் போகிறது என்று.

துணியில் ரேயானைக் கவனியுங்கள். புதிதில் வழவழவென்று அழகாக விழும், விலையும் கட்டுப்படி. ஆனால் முன்கூட்டியே சுருக்காத ரேயானும் பருத்தியும் முதல் இரண்டு மூன்று அலசலில் சுருங்கும். நூற்றுக்கு ஐந்து சுருங்கினால் 46 இஞ்ச் குர்த்தியில் இரண்டு இஞ்சுக்கு மேல் போய்விடும். அது போகும் என்று தெரிந்தே நீளத்தைத் தேர்ந்தெடுங்கள். 'காட்டன் பிளெண்ட்' என்று மட்டும் எழுதி விகிதத்தைச் சொல்லாவிட்டால், அதில் பருத்தி எவ்வளவு என்பது விற்பவருக்கு மட்டும்தான் தெரியும். வந்த உருப்படியை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்: ஓவர்லாக் (ஓரம் பிரியாமல் போடும் தையல்) நூல் பிரிந்து தொங்குகிறதா, ஆல்டர் செய்ய உள்ளே துணி விட்டிருக்கிறார்களா? வேறொருவர் திருப்பி அனுப்பியது மறுபடி இஸ்திரி போட்டு உங்களிடம் வருவதும் சகஜம், துவைக்காமல் போட வேண்டாம்.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். சட்டையில் 39, 40, 42 என்று போட்டிருப்பது பல பிராண்டுகளில் காலரின் சென்டிமீட்டர் அளவு. சிலவற்றில் மார்பின் இஞ்ச் அளவு. கடையில் மேல் பட்டனைப் போட்டுவிட்டுக் காலருக்குள் இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்தால் போதும். இன்டர்வியூவுக்கு டையும் கட்டச் சொல்லுவார்கள். பேண்ட்டைத்தான் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும். ட்ரயல் ரூமில் நின்று கண்ணாடி பார்ப்பது பாதி வேலைதான், உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். தொடையும் பின்பாகமும் பிடித்தால் டெய்லரால் அதிகம் தளர்த்திக் கொடுக்க முடியாது. இடுப்பு கொஞ்சம் இறுக்கம் என்றால் பரவாயில்லை, பார்மல் பேண்ட்டில் பின் தையலில் துணி விட்டிருப்பார்கள், பிரித்துக்கொள்ளலாம். அந்த பேண்ட் நன்றாக அமைந்துவிட்டால் உள்லேபிளிலுள்ள ஸ்டைல் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த பேண்ட்டை ஆன்லைனிலேயே தைரியமாக வாங்கலாம். அதற்காகக் கடைப் பையனைப் பத்து பேண்ட் பிரிக்கச் சொல்லி, அங்கேயே நின்றுகொண்டு போனில் ஆர்டர் போடுவது எனக்கு உடன்பாடில்லை. முதல் பேண்ட்டையாவது அவரிடம் வாங்குங்கள்.

பட்டுப்புடவைக்கு அளவுப் பிரச்சினையே இல்லை, ஆனாலும் கடைக்குப் போகச் சொல்கிறேன். பாவு (நீள இழை) ஒரு நிறம், ஊடை (குறுக்கு இழை) ஒரு நிறமாக நெய்த புடவை, உதாரணத்துக்கு மயில்கழுத்து, மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறும். போன் திரையில் அதில் ஒரு நிறம்தான் தெரியும். கடை விளக்கும் ஏமாற்றும், அதனால் புடவையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சில்க் மார்க் லேபிள் இருக்கிறதா என்று கேளுங்கள். மத்திய பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004-இல் வந்த இந்த முத்திரை, பட்டு சுத்தமானது என்பதற்குத்தான் சான்று, சரிகைக்கு அல்ல. சரிகை எந்த ரகம் என்பதைக் கடைக்காரரைப் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். தை முகூர்த்தக் கூட்டம் ஆரம்பிக்கும் முன், வாரநாளில் காலையில் போனால் நிதானமாகப் பார்க்கலாம். பிளவுஸ் தைக்கவும் நாள் வேண்டுமே.

திருப்பிக் கொடுப்பதில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கடையில் வாங்கியது பழுதாக இருந்தால், 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பலகை மாட்டியிருந்தாலும் சரி, பில்லில் கெடு எதுவும் போடாத பட்சத்தில் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஆனால் பழுதில்லாத உடுப்பு, அளவு மட்டும் சேரவில்லை என்றால் சட்டம் துணைக்கு வராது, அது கடையின் விருப்பம். பில் போடும் முன்பே மாற்றித் தருவார்களா, எத்தனை நாளுக்குள் என்று கேட்டுவிடுங்கள். ஆன்லைனில், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. அட்டவணையில் உடுப்பின் அளவு 41 என்று போட்டு வந்தது 38 என்றால், டேப்போடு படம் எடுத்துப் புகார் கொடுங்கள். அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யுங்கள். அதுவரை டேக்கைக் கத்தரிக்காமல், வந்த கவரோடு எடுத்து வைத்திருங்கள்.